முகத்துவாரத்தில் எடுக்காத தண்ணீர்

மகளுக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். அவளோ வேதியியலில் ஆராய்ச்சிக்குப் போகிறேன், ஐந்து வருஷமாகும் என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. "அஞ்சு வருஷம் படிச்சிட்டு இன்னா பண்ணப் போறா, ஏரிய அளக்கப் போறாளா?" என்று என் மனைவி வேறு கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஏற்கெனவே அளந்துகொண்டுதான் இருந்தாள். எம்.எஸ்ஸி. கடைசி வருஷ வேலைக்காகப் பழவேற்காடு ஏரியில் உப்பு எவ்வளவு என்று வாராவாரம் பார்த்தாள். அவள் சென்னையில் விடுதியில் இருந்ததால் தண்ணீர் எடுத்து அனுப்புவது என் பொறுப்பு. மீனவர் சங்க அலுவலகத்தில் எனக்கு வேலை. ஆனாலும் படகு ஓட்டத் தெரியும். நான்கு இடங்களில் பாட்டிலை நிரப்பி, மேலே இடத்தின் பேர் எழுதி அனுப்புவேன்.

அந்த வாரம், கடல் ஏரிக்குள் நுழையும் முகத்துவாரத்துக்குப் போக முடியவில்லை. அன்றைக்கு அங்கே வேறு குப்பத்துக்காரர்களின் பாடு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று எங்கள் ஏரியில் முறை உண்டு. அதைத்தான் பாடு என்போம். அடுத்தவர் பாடு நாளில் படகை விட்டு மீனைக் கலைத்தால் பஞ்சாயத்தில் நிற்க வேண்டும். பாதி வழியில் திரும்பி, எங்கள் கரையோரத்துத் தண்ணீரையே நிரப்பி 'முகத்துவாரம்' என்று எழுதிவிட்டேன். ஏரி ஒன்றுதானே என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"நைனா, முகத்துவாரத் தண்ணிய எங்க எடுத்த?"

"முகத்துவாரத்துலதான்."

"பொய் சொல்லாத. மூணு தடவ பாத்துட்டேன். உப்பு இவ்ளோ கம்மின்னா, கடல் தண்ணி வர்ற வழியே மணல் மூடி அடைஞ்சு போச்சுனு அர்த்தம். அப்படியே எழுதிக் குடுத்திருப்பேன்."

ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று பார்த்தால் சிரித்தாள். "வேற நாள் போய் எடுத்து நீயே கொண்டா. இனிமே உன்ன நம்ப மாட்டேன்."

வியாழக்கிழமை அவள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். நான் ஏமாற்றி அனுப்பிய தண்ணீரை ஒரு குடுவையிலும், புதிதாகக் கொண்டுவந்ததை இன்னொன்றிலும் அளந்து ஊற்றினாள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மஞ்சளாக ஏதோ கலந்து, நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். சொட்டு விழ விழப் பால் திரிந்தாற்போல் வெண்மை கிளம்பியது. திடீரென்று ஒரே சொட்டில் கரைத் தண்ணீர் செங்கல் நிறமானது. முகத்துவாரத் தண்ணீரோ லேசில் மாறவில்லை. குழாய் பாதிக்கு மேல் காலியான பிறகுதான் அதுவும் சிவந்தது. உப்பு கூடக்கூட, சிவக்கச் சொட்டும் கூட வேண்டும் என்றாள்.

பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் கால் நனைத்தவன் நான். தான் எங்கிருந்து வந்தது என்று அது சொல்லும் என்பது எனக்குத் தெரியாது.

"கம்பெனிலயும் இதத்தானே செய்வ?" என்றேன்.

"செய்வேன். நம்பர் சரியா வந்தா கையெழுத்து, தப்பா வந்தா தூக்கிப் போடு. ஏன் தப்பாச்சுனு எனக்குத் தெரியணும் நைனா. உன்னப் புடிச்ச மாதிரி."

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவள் வயசு, கல்யாணம், அந்த ஐந்து வருஷம் எல்லாம் இன்றைக்கும் நெஞ்சில் அப்படியே நிற்கின்றன.

"கம்பெனிக்கு வரலைனு எழுதிடு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நெஜமாவா?"

அங்கேயே நின்றபடி போனில் எழுதினாள். அனுப்புவதற்கு முன் என்னை ஒருமுறை பார்த்தாள். அனுப்பு என்று தலையை ஆட்டினேன்.