அரை வயிற்றுக்கு ஆறு வேளை

ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவளை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை; சாப்பாடு போடுகிறவளிடம்தான் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். அறுபதுகளில் கொடைக்கானலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் அந்த இரண்டாவது ரகமாக இருந்தேன். படித்தது நர்ஸ் படிப்புதான். ஆனால் பெரிய டாக்டர் என்னைச் சமையல்கட்டுக்கும் வார்டுக்கும் நடுவில் நிறுத்திவிட்டார். யாருக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு, எத்தனை வேளை என்று பார்ப்பது என் வேலை. பெயர் டயட் சிஸ்டர்.

அந்தக் காலத்தில் வயிற்றுப்புண் முற்றிப்போய் வருகிறவர்களுக்கு இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பதில் ஒரு டம்ளர் கஞ்சி ஊற்றினாலே நிரம்பிவிடும். அந்தக் கொஞ்ச இடத்துக்குள், வெட்டின புண் ஆறவும் சதை பிடிக்கவும் வேண்டிய புரதத்தை அன்றாடம் அடைக்க வேண்டும். டாக்டர் கேஸ் தாளில் ஒரு எண்ணை எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். அந்த எண்ணை முட்டையாகவும் பருப்பாகவும் பாலாகவும் மாற்றி, ஒரு மனிதரின் வாய்க்குள் போக வைப்பது என் பாடு. வீட்டில் நோயாளிக்குப் பார்த்துப் பார்த்துச் சமைத்து, தட்டு அப்படியே திரும்பி வந்து, அடுப்படியில் நின்று பல்லைக் கடித்தவர் நீங்கள் என்றால் நீங்களும் என் கட்சிதான். என்னை அதிகம் பல்லைக் கடிக்க வைத்தவர் கூக்கால் பொன்னுச்சாமி. அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

சோறு வரட்டும்

பொன்னுச்சாமி பூண்டு விவசாயி. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். மேல்மலைக் கிராமமான கூக்காலில் இருந்து தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். ஆவணி மாதம் ஆபரேஷன் நடந்தது. தண்ணீர், கஞ்சித் தண்ணீர் எல்லாம் தாண்டி, மெல்லச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன நாளில் நானே தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு அவித்த முட்டை, கொஞ்சம் மசித்த பருப்பு, அரை டம்ளர் பால். பக்கத்தில் அவர் மனைவி வெள்ளையம்மா உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு இனிமே வயிறு சின்னது. ஆறு வேளையா, கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடணும். சத்துள்ளது முதல்ல. இடம் இருந்தா சோறு கடைசில" என்று தூத்துக்குடிக்காரியான நான் என் ஊர் முறையில் பாடம் நடத்தினேன். அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார். எனக்கு மகா திருப்தி. அரை மணி கழித்து வந்து பார்த்தால் தட்டில் ஈ உட்கார்ந்திருக்கிறது, முட்டை உட்கார்ந்திருக்கிறது, எதிரில் கையைக் கழுவிக்கொண்டு அவரும் உட்கார்ந்திருக்கிறார். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். கோபமே இல்லாமல், எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுப்பவர் போலச் சொன்னார்:

"நீங்க வச்சதெல்லாம் தொட்டுக்கிறதுங்க சிஸ்டரம்மா. சோறு வரட்டும், சாப்பிட்டுர்றேன்."

சமையல்கட்டு

ஆறு வேளை என்று எழுதுவது டாக்டருக்குச் சுலபம். எங்கள் சமையல்காரர் சின்னப்பனுக்கு மூன்று வேளைக்கே மூச்சு வாங்கும். கொடைக்கானல் குளிரில் ஈர விறகோடு மல்லுக்கட்டி அவர் பருப்பை வேகவைத்து இறக்குவதற்குள் நான் அடுத்த வேளைக்கு வந்து நிற்பேன். ஒரு நாள் கரண்டியைத் தொப்பென்று போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"டாக்டர் அவரு வயித்த வெட்டுனப்ப, அப்படியே என் கையையும் சேத்து வெட்டியிருக்கலாம் சிஸ்டர்."

வார்டுக்கு வந்த சாமி

வெள்ளையம்மாவின் தம்பி தண்டபாணி பழனி அடிவாரத்தில் ஒரு பஞ்சாமிர்தக் கடையில் வேலை பார்த்தான். அக்காள் புருஷன் பிழைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டதும் ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டான். நான் அந்த நேரம் பெண்கள் வார்டில் இருந்தேன். பிரசாதத்தை யார் மறுப்பார்கள்? பொன்னுச்சாமி கை நிறைய வாங்கி வாயில் போட்டிருக்கிறார். மலைவாழையும் நாட்டுச்சர்க்கரையும் தேனும் அந்த வெட்டுப்பட்ட வயிற்றில் நிற்குமா? நேரே குடலுக்குள் இறங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவருக்கு முகமெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடத்து, கைகால் ஆட ஆரம்பித்துவிட்டது.

எங்கள் நோட்டுப் பாடத்தில் இதற்குக் காரணம் உண்டு. தண்டபாணிக்குத் தெரிந்த காரணம் வேறு. பிரசாதம் உள்ளே போன கையோடு ஆள் ஆடினால் என்ன அர்த்தம்? நான் ஓடி வந்தபோது நோயாளியின் நெற்றி முழுக்க விபூதி. அடுத்த கட்டிலில் குடலிறக்கத்துக்குத் தையல் போட்டுப் படுத்திருந்தவர்கூட எழுந்து கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். தண்டபாணி தரையில் விழுந்து, "அப்பனே, சொந்தமா கடை போடலாம்னு இருக்கேன். அடிவாரத்துல போடட்டுமா, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். எல்லோரையும் விரட்டிவிட்டு அவரைப் படுக்க வைத்தேன். முக்கால் மணியில் சரியாகிவிட்டது. பிறகு தண்டபாணியைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போய், இது சாமி இல்லை, சர்க்கரை, இனி இனிப்பைக் கண்ணில் காட்டக்கூடாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து அத்தானிடமே நியாயம் கேட்டான். பொன்னுச்சாமி கண்ணைத் திறக்காமல் பதில் சொன்னார்:

"சாமியோ சர்க்கரையோ, பஸ் ஸ்டாண்டுப் பக்கமே போடு மாப்ள. இப்ப என்னையத் தூங்க விடு."

ஊர் மெச்சிய உடம்பு

அவர்கள் ஊருக்குப் போகும்போது வெள்ளையம்மாவிடம் ஒன்றுக்கு நாலு தடவை சொல்லி அனுப்பினேன். முட்டை, பால், பருப்பு, ஆறு வேளை. மாதாமாதம் வந்து எடை போட்டுக் காட்ட வேண்டும். "சரிங்க, சரிங்க" என்றார். கூக்காலுக்குப் பஸ் வருவதே அபூர்வம், மழையும் பிடித்துக்கொண்டது. மார்கழிக் குளிரில்தான் திரும்பி வந்தார்கள். வந்தவுடன் வெள்ளையம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. புருஷனை எடை மெஷினில் ஏற்றிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எடை நன்றாகவே கூடியிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. கையும் தோளும் குச்சியாக இருக்கிற மனிதருக்கு எடை எங்கிருந்து வந்தது?

வேட்டியை விலக்கச் சொல்லி முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்திப் பிடித்தேன். விரலை எடுத்தபின் குழி அப்படியே நின்றது. அது சதை இல்லை, நீர். புரதம் இல்லாத உடம்பில் தேங்குகிற நீர். என்ன கொடுத்தீர்கள் என்று வெள்ளையம்மாவிடம் கேட்டேன். முட்டை சூடு, ஆபரேஷன் புண்ணுக்கு ஆகாது. பருப்பு வாயு. பால் சளி. ஆகவே மூன்று மாதமாகப் பத்தியம்: பூண்டு தட்டிப் போட்ட கஞ்சி, பூண்டு ரசம் விட்ட குழைந்த சோறு. பிரசவித்தவளைக் காப்பது போல அந்த அம்மாள் கண்ணுங்கருத்துமாகக் காத்திருக்கிறார். டாக்டர் பார்த்துவிட்டு, இப்படியே விட்டால் ஆள் தாங்கமாட்டார் என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னபோது வெள்ளையம்மாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை:

"ஊரே புதுமாப்பிள்ளை கணக்கா ஆயிட்டாருன்னு சொல்லுதுங்க. நீங்க ஒரு ஆளுதான் வீக்கம்ங்கிறீங்க."

விற்கிற பொருள்

மறுபடி கட்டில். மறுபடி ஆறு வேளை. இந்தத் தடவை நான் தட்டை வைத்துவிட்டு நகரவில்லை. ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். மெல்ல மெல்ல நீர் வடிந்தது. முகம் ஒட்டிப்போய், எடை இறங்கியது. நான் சந்தோஷப்பட, வெள்ளையம்மா ஒவ்வொரு நாளும் கவலையில் கரைந்தார். வெள்ளனே எழுந்து வந்து முதல் வேலையாகப் புருஷனின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார்.

ஊருக்கு அனுப்பினால் அங்கே என்ன கிடைக்கும் என்று வெள்ளையம்மாவையே கேட்டேன். பால் மாடு ஒன்று உண்டு. கோழி நாலைந்து. காட்டில் பூண்டு, உருளைக்கிழங்கு, பட்டாணி, பட்டர் பீன்ஸ். கடைசி இரண்டையும் கேட்டதும் நான் ஸ்டூலில் இருந்து எழுந்தேவிட்டேன். கடைகளில் விலையைப் பார்த்து நாங்கள் யோசித்து யோசித்து வாங்குகிற பட்டர் பீன்ஸ், பருப்புக்கு ஈடான புரதம்! அதைத் தோலை உரித்து மசித்துக் கொடுத்தால் போதுமே, இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் வெள்ளையம்மாவிடம் இருந்து வந்தது:

"அது மூட்டை கட்டி விக்கிற பொருளுங்க. விக்கிறத எடுத்து யாராச்சும் திம்பாங்களா?"

ஒரு பொழுது

ஊருக்குப் போய்விட்டு மாசி மாதம் எடை போட வந்தபோது அவர் கால் வற்றியிருந்தது. நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் பொன்னுச்சாமி விஷயத்தை எடுத்தார். ஆபரேஷன் மேஜையில் கண் மூடுமுன் பழனி ஆண்டவனுக்கு நேர்ந்துகொண்டாராம். பிழைத்து எழுந்தால் பங்குனி உத்திரத்துக்குக் கூக்காலில் இருந்து காவடி எடுத்து, நடந்தே மலை இறங்கிப் போய்ப் படியேறுவதாக. காவடி என்றால் விரதம். விரதம் என்றால் ஒரு பொழுதுச் சாப்பாடு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு வேளைக்குப் போராடி ஆளைத் தேற்றினால், ஒரு வேளை என்கிறார். அந்தச் சின்ன வயிற்றில் ஒரு வேளைக்கு எவ்வளவு கொள்ளும்? மறுபடி கால் வீங்கும், மறுபடி தூக்கிக்கொண்டு வருவார்கள், இந்த முறை டாக்டர் சொன்னது நடந்துவிடும். டாக்டர் சத்தம் போட்டார். நான் கெஞ்சினேன். பொன்னுச்சாமி எங்கள் இருவருக்கும் ஒரே பதிலை வைத்திருந்தார்: "உசுரு குடுத்தது அவரு, உடம்பு குடுத்தது நீங்க. அவர்கிட்டச் சொன்ன சொல்ல நான் மாத்த முடியாதுங்க."

வெள்ளையம்மா அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வெரதம் நான் இருக்கேன். காவடி அவரு எடுக்கட்டும்" என்றார். அவர்கள் ஊரில் நேர்ந்தவருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் வீட்டில் இன்னொருவர் விரதத்தை ஏற்றுக்கொள்வது வழக்கந்தானாம். விரத வீட்டுக்குள் முட்டை வராது. அதற்குப் பதில் பீன்ஸும் பட்டாணியும் பாலும் தயிரும் ஆறு வேளையும் வைப்பதாக என்னிடம் ஒப்புக்கொண்டார். பொன்னுச்சாமி மட்டும் தயங்கினார். சாமிக்கு இது சம்மதமா என்று கேட்டார். அந்த அம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை:

"வீட்டுல ஒரு வயிறு காயணும், அம்புட்டுத்தான? எந்த வயிறா இருந்தா முருகனுக்கு என்ன?"

படியேறிய கால்

உத்திரம் முடிந்த மறுவாரம் இரண்டு பேரும் வந்தார்கள். பொன்னுச்சாமிக்கு மொட்டைத் தலை, சந்தனம், முகமெல்லாம் சிரிப்பு. நடந்து போனபோது தோளில் காவடி, இடுப்பில் ஒரு துணிப்பையாம். பை நிறைய அவித்த பீன்ஸும் பட்டாணியும். நின்ற இடத்தில் எல்லாம் ஒரு பிடி எடுத்து மென்றிருக்கிறார். கூட வந்தவர்கள், கோவிலுக்குப் போகிறாரா மேய்ச்சலுக்குப் போகிறாரா என்று கேலி செய்தார்களாம். அடிவாரத்தில் தண்டபாணி டப்பாவோடு ஓடி வந்ததையும், தான் அதை நாக்கு நுனியில் மட்டும் தொட்டு வைத்துக்கொண்டதையும் சொன்னார். காலை நீட்டச் சொல்லி அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்ததும் தோல் மேலே வந்துவிட்டது. அதைப் பார்த்து நான் கொஞ்சம் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

நிமிர்ந்தபோது வெள்ளையம்மா சுவரில் சாய்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிந்தது. ரவிக்கைக் கை தொளதொள என்று தொங்கியது. ஆறு வேளையும் சமைத்து, ஆறு வேளையும் பரிமாறி, ஒரு வேளை மட்டும் தின்ற உடம்பு. விரதம் முடிந்தும் உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லையா என்று கேட்டேன். "பசியே மறந்துபோச்சுங்க" என்று சிரித்தார். நான் சமையல்கட்டுக்கு ஓடினேன். சின்னப்பன் முணுமுணுக்காமல் தட்டை நிரப்பிக் கொடுத்தார்: ஒரு அவித்த முட்டை, மசித்த பருப்பு, ஒரு டம்ளர் பால். கொண்டுவந்து அந்த அம்மாளின் மடியில் வைத்தேன். அவர் தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சோறு இல்லைங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் பொன்னுச்சாமி என் ஸ்டூலை இழுத்துப் போட்டு மனைவியின் எதிரே உட்கார்ந்துகொண்டார்:

"மொதல்ல அத வெரசா சாப்பிடு புள்ள. சோத்தப் பத்திப் பெறகு பேசுவம்."

என் சர்வீஸ் முழுவதிலும் நான் நடத்திய பாடத்தை ஒரு நோயாளி இன்னொருவருக்கு நடத்திக் கேட்டது அந்த ஒரு முறைதான், அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய் நான் முதலில் தட்டில் போட்டுக்கொண்டது என்னவோ சோறுதான்.