மூன்றாவது பிஸ்டன்

சைனப்புக்கு ஒரு குணம் உண்டு. மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. கல்யாணமாகித் தாராவிக்கு வந்த புதிதில் மாமியாரின் மிக்ஸியைப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டாள். மிக்ஸி கெட்டுப்போகவில்லை. உள்ளே எது சுற்றுகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கணவர் ரஹ்மத்துல்லா தோல்பைப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர், சத்தம் போடத் தெரியாத மனுஷன். பிரித்ததைத் திருப்பி மாட்டுகிறாளா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டினாள். பிறகு தெரிந்த ஸ்கூட்டர் கடை ஒன்றில் கார்புரேட்டர் கழுவும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். இன்றைக்கு அவளுக்கே சொந்தக் கடை இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் சயானிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தேடி வருகிறார்கள்.

அவ்வளவு தூரம் வர வேண்டியில்லாதவர் வானமாமலை அண்ணாச்சி. அடுத்த சந்தில் முறுக்குப் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய வண்டி மலைமேல் ஒரு ரிசார்ட்டில் ஓடிக் களைத்து விலைக்கு வந்த குவாட் பைக். நாலு சக்கரம், சிவப்பு நிறம், ஊரையே எழுப்பும் சத்தம். சந்தில் திரும்பாது, மூட்டை ஏற்றாது, மழைக்கு ஒதுங்கவும் உதவாது. எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டால் மனுஷன் வெட்கப்பட்டுச் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை அதை டெம்போவில் ஏற்றி, பன்வேல் பக்கம் சிநேகிதர் ஒருவரின் வெற்று நிலத்துக்குக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டிவிட்டு வருவார்.

முதல் தடவை பிஸ்டன் நகராமல் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டபோது சைனப் சிலிண்டரின் உள்சுவரை லேத்தில் கடைய வைத்து, அதாவது போர் போட்டு, ஒரு சுற்றுப் பெரிய பிஸ்டன் போட்டுக் கொடுத்தாள். சந்தில் ஓட்டிப் பார்த்தபோது வெண்ணெய் மாதிரி ஓடியது. கொஞ்ச நாளில் அண்ணாச்சி மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்து நின்றார்.

"தங்கச்சி, மறுபடியும் புடிச்சிட்டு."

"எப்பிடி அண்ணாச்சி?"

"நல்லாத்தான் போயிட்டு இருந்திச்சு. சொல்லப்போனா என்னைக்கும் இல்லாத வேகம். பறக்குதேன்னு சந்தோசப்பட்டேன். படக்குன்னு பின்சக்கரம் ரெண்டும் நின்னுட்டு. வண்டி அங்கனயே நிக்கி, நான் மட்டும் போயிட்டேன்."

இரண்டாவது முறையும் போர் போட்டாயிற்று. கோவண்டியில் லேத் வைத்திருக்கும் வாசிம் சிலிண்டரைக் கையில் கொடுக்கும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

"லாத்தா, இதுதான் கடைசி. இதுக்கு மேல கடையச் செவுரு இல்ல. இன்னொரு தடவ புடிச்சா வண்டியப் பங்கார்காரன்ட்ட எடைக்குத் தூக்கிக் குடுத்துர வேண்டியதுதான்."

வெளிநாட்டு இன்ஜின். வேறு சிலிண்டர் இங்கே கிடைக்காது. மூன்றாவது பிஸ்டன் போனால் வண்டி பழைய இரும்பு. சைனப்புக்கு அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. ஏன் பிடிக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு முறை திறந்து பார்த்தும் தெரியவில்லை என்பது அவளுக்கு அவமானமாக இருந்தது.

செத்த பிஸ்டனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புகை வெளியேறும் பக்கத்தில் மட்டும் கோடு கோடாகக் கீறியிருந்தது. அந்தக் கீறல் சூட்டினால் வருவது. எண்ணெய் இல்லாமல் காய்ந்து போனது என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அதைச் சுற்றிலும் எண்ணெய் கருகி அப்பியிருந்தது. எங்கேயோ ஓட்டை வழியாகக் கள்ளக்காற்று ஏறினால் பெட்ரோல் குறைந்து இப்படிச் சூடாகும். எனவே இன்ஜினின் வாய்களை ரப்பரால் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, மூட்டுக்கு மூட்டு சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தாள். ஒரு கொப்புளம்கூட எழவில்லை. பிஸ்டன் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வந்து, மீன் குழம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

ரஹ்மத்துல்லா அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

"ஆசுபத்திரியில நல்லா இருக்கவன் வூட்டுக்குப் போனதும் படுத்துக்கிடுதான்னா, வூட்டுல என்ன நடக்குன்னுலா பாக்கணும்? நீ ஆசுபத்திரியவே சுத்திச் சுத்தி வாற."

இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அவளும் டெம்போவில் ஏறினாள். ரஹ்மத்துல்லாவும் கூட வந்தார். வழியெல்லாம் சாப்பிட அண்ணாச்சி ஒரு டின் முறுக்கு வைத்திருந்தார் என்பதும் ஒரு காரணம்.

நிலத்தில் வண்டியை இறக்கினார்கள். அண்ணாச்சி சொல்லச் சொல்ல டெம்போ டிரைவர் சுடலைக்கண்ணன் பெட்ரோல் கேனில் எண்ணெய் கலந்தான். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போக வேண்டும். சைனப் சொல்லியிருந்த அளவைப் பாட்டில் மூடியால் சரியாக அளந்தான். அதற்குப் பிறகு அண்ணாச்சி தலையை ஆட்ட, பாட்டிலைச் சாய்த்து மளமளவென்று இன்னொரு பங்கு ஊற்றினான்.

"அண்ணாச்சி! இது என்னது?"

"எண்ணெ."

"அதான் அளந்து ஊத்தியாச்சுல்லா?"

"அது நீ சொன்ன அளவு. இது நம்ம மனத்திருப்திக்கு. வண்டி வாங்கின நாள்லேருந்தே கொஞ்சம் கூட ஊத்துதேன். முத தடவ புடிச்சப்ப, எண்ணெ பத்தலயோன்னு இன்னுங் கொஞ்சம் கூட்டினேன். அடுத்தாப்பல இன்னுங் கொஞ்சம். எண்ணெயில கையச் சுருக்கினா எந்தச் சரக்கும் வெளங்காது தங்கச்சி. நான் பாக்காத எண்ணெயா?"

சைனப் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கடையில் ஓட்டியதெல்லாம் அவள் கலந்த பெட்ரோல். இங்கே ஓடியது அவர் கலந்தது. உலகத்தில் உள்ள எல்லாக் கேள்வியும் கேட்டவள் இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, கார்புரேட்டர்ல ஒரு சின்ன ஓட்டதான் இருக்கு. அது வழியா இவ்வளவுதான் எறங்கும். அதுல எண்ணெ கூடுனா?"

"வழுவழுன்னு ஓடும்."

"பெட்ரோலு கொறையும். எண்ணெ பெட்ரோலோட எடத்தப் புடிச்சிக்கிடும். பெட்ரோலு கொறஞ்சா சூடு ஏறும். கொஞ்ச நேரம் பேய் மாதிரி ஓடும், பொறவு புடிச்சிரும். பறக்குதுன்னு சொன்னியள்லா, அது இதுதான்."

"எண்ணெ கூடுனதுனால காயுதா? என்னம்மா சொல்லுத!"

"எனக்கும் ஆச்சரியமாத்தான் இருக்கு. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

கேனை ஓரமாக வைத்துவிட்டு, தானே புதிதாகக் கலந்து ஊற்றினாள். புதுப் பிளக் போட்டாள். இனி ஒருவர் வண்டியை முழு வேகத்தில் ஓட்டி, அந்த வேகத்திலேயே இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் சூடு. பழுப்பு என்றால் பிழைத்தது. அவள் நினைத்தது தப்பானால் ஓடும்போதே பிஸ்டன் பிடித்துச் சக்கரம் நிற்கும். வண்டியும் போகும், ஓட்டுகிற ஆளும் போவார்.

அண்ணாச்சி மாவுக்கட்டைக் காட்டினார். சுடலைக்கண்ணன் டெம்போவுக்குப் பின்னால் ஏதோ வேலை இருப்பதாகப் போய்விட்டான். ரஹ்மத்துல்லாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

சைனப் ரிப்பேர் பார்த்த வண்டிகளுக்குக் கணக்கில்லை. ஆனால் தாராவிச் சந்தில் ஒரு வண்டி இரண்டாவது கியரைத் தாண்டினால் யார் வீட்டுக்குள்ளாவது போய்த்தான் நிற்கும். வேகம் என்பது அவளுக்குக் காதால் மட்டுமே தெரிந்த விஷயம். அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் நிறம் என்னவென்று பார்க்காமல் வீட்டுக்குப் போக அவளால் முடியாது.

ரஹ்மத்துல்லா ஹெல்மெட்டை அவள் முக்காட்டுக்கு மேலேயே மாட்டி, வாரை இறுக்கிவிட்டார்.

"புடிச்சா என்ன செய்வ?"

"கிளட்ச்ச இழுப்பேன். இழுத்தா சக்கரம் விடுபட்டுரும்."

"அதுலயே வெரல வச்சிக்கோ."

இன்ஜின் தொட முடியாத அளவுக்குச் சூடாகும்வரை மெதுவாக வட்டம் போட்டாள். பிறகு நிலத்தின் நீளத்தைப் பார்த்து நிறுத்தி, கட்டைவிரலால் ஆக்சிலேட்டரை அமுக்கினாள். கியர் இரண்டு, மூன்று, நான்கு. சத்தம் கனத்து, பிறகு கனம் கழன்று மெல்லிசாகிக் கூவியது. இடுப்புக்குக் கீழே பூமி ஓடியது. முகத்தில் மோதியது காற்றுதான் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. விரல் கிளட்ச்சிலேயே இருந்தது. நிலம் முடிகிற இடம் நெருங்கியதும் அணைத்தாள், கிளட்ச்சை இழுத்தாள். வண்டி சத்தமில்லாமல் உருண்டு நின்றது.

இறங்கிப் பிளக்கைக் கழற்றினாள். நல்ல பழுப்பு. கெட்டியான பால் டீயின் நிறம். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

தூரத்திலிருந்து அண்ணாச்சி ஒரு கையை வீசிக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் ரஹ்மத்துல்லாவும் வந்தார்.

"தங்கச்சி! என்ன நெறம்? பொழச்சுதா?"

இயந்திர விஷயத்தில் சைனப் அதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை. பிளக்கை ஒரு வேஸ்ட் துணியில் சுருட்டிக்கொண்டாள்.

"சரியாத் தெரியல அண்ணாச்சி," என்றாள். "இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கணும்."