கிழக்கு அறையின் கதகதப்பு

முதலில் வந்தவை தகரக் குழாய்கள்தான். ஒரு ஆள் உள்ளே தவழ்ந்து போகலாம் என்னும்படி அகலமான, சதுரமான, பளபளக்கும் குழாய்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்த லாரி ஊட்டி பெர்ன்ஹில் சரிவில் எங்கள் தெருவுக்குள் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. ஆட்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து மேட்டு வீட்டுக்கு ஏற்றினார்கள். தகரத்தின் மேல் தூறல் விழும் சத்தம் தெருவெங்கும் கேட்டது. நான் பள்ளிக்குக் கிளம்பி வாசலில் குடையோடு நின்றிருந்தேன்.

“ஏனுங்க டீச்சர், பெரியவரு ஊட்டுல ஏதாச்சும் ஃபேக்டரி வெக்கறாங்களா?” என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

“ஏசிங்க. வீடு முழுக்க ஏசியாமா” என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குடை குலுங்கியது. வருஷத்தில் பாதி நாள் கம்பளிக்குள் கிடக்கும் ஊரில் ஏசி! நானும் சேர்ந்து சிரித்தேன். அக்காவைப் பார்த்துச் சிரிப்பதற்கு எனக்கு அன்றுதான் ஒரு காரணம் கிடைத்தது.

அக்கா என்று நான் சொல்வது என் ஓரகத்தியை. என் கணவரின் அண்ணன் மனைவி. அண்ணனை நாங்கள் பெரியவர் என்போம். வளைகுடா நாட்டில் பெரிய பெரிய ஓட்டல்களின் குளிர்சாதனங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் தலை நரைக்கும்வரை இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மாமனார் விட்டுப்போன இடத்தில் கீழ்ப்பாதியும் பழைய கல்வீடும் எங்களுக்கு வந்தன. காலியாகக் கிடந்த மேல்பாதியில் அவர்கள் புது வீடு கட்டினார்கள். அந்த ஏசி வேனிலில் குளிர்விக்கவும் செய்யும், குளிர்காலத்தில் சூடாக்கவும் செய்யும் என்பது எனக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் அன்று தெரியாது.

வீடு புகும் ஜெபத்துக்குப் போனபோது ஜூன் மாத மழை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தேன். தரை சில்லிடவில்லை. கூரையோரத்தில் கம்பித் தட்டி போட்ட சிறு சிறு திறப்புகளிலிருந்து வெதுவெதுப்பான காற்று சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. பாஸ்டர் ஜெபத்தின் நடுவே சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் ஸ்வெட்டரைக் கழற்றினேன். ஊட்டியில், மழைக்காலத்தில், ஒரு வீட்டுக்குள் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. சாப்பாட்டு மேசையில் அப்பளம் திறந்த தட்டில் கிடந்தது; சாப்பிட்டு முடியும்வரை நமுத்துப்போகவில்லை. உப்புக் குப்பியைக் கவிழ்த்தால் உப்பு கொட்டியது. இதையெல்லாம் நான்தான் பார்த்தேன். மற்றவர்கள் தரையில் பதித்த கல்லையும் மாடிப்படியையும் பார்த்தார்கள்.

என் வீட்டில் உப்பை ஸ்பூனால் கிண்டி எடுக்க வேண்டும். அலமாரியிலிருக்கும் தோல் செருப்பில் ஒரே வாரத்தில் பச்சை பூத்துவிடும். பாட்டுப் புத்தகத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துணிகளைக் கரிச்சட்டியின் மேல் கூடை கவிழ்த்து உலர்த்துவேன். கோயிலுக்குக் கட்டிப்போகும் புடவையிலும் கரியின் வாசம் வரும். அன்று வீடு திரும்பி அந்தப் புடவையை மடிக்கும்போது, அக்காவின் புடவையில் வந்த வாசம் என்ன என்று யோசித்தேன். ஒன்றும் இல்லை. வெறும் துணியின் வாசம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதெல்லாம் சின்னப் பொறாமை. ஒரே வேலியின் இரண்டு பக்கமும் வாழ்கிற பெண்களுக்கு வருவதுதான். பெரிய பொறாமை என் மகள் வழியாக வந்தது.

அவளுக்கு அப்போது ஆறு வயது. பிறந்ததிலிருந்தே இழுப்பு. மழை தொடங்கினால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் தொடங்கும். பங்குனி வெயில் வரும்வரை ஓயாது. டாக்டர் எங்கள் சுவரிலிருந்த பூசணத்தைப் பற்றிக் கேட்டார், கரிச்சட்டியைப் பற்றிக் கேட்டார். “காஞ்ச, சூடான ரூம்ல படுக்க வைங்க. மருந்தைவிட அதுதான் முக்கியம்” என்றார். மகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் திரும்பி வந்தபோது அக்கா வாசல் கேட்டின் அருகில் நின்றிருந்தாள். டாக்டர் சொன்னதை என் கணவர் அப்படியே சொல்லிவிட்டார்.

“அதுக்கென்ன, கெழக்கு ரூமு சும்மாதான் கெடக்குது. புள்ளைய அனுப்பி வை, அம்மிணி” என்றாள் அக்கா.

கிழக்கு அறை அவர்களுடைய ஒரே மகனுக்காகக் கட்டியது. அவன் படிக்கக் கனடா போனான், அங்கேயே தங்கிவிட்டான். போர்வையையும் தலையணையையும் கொடுத்து மகளை அனுப்பினேன். காலையில் அவள் கன்னம் சிவந்து, மூச்சில் ஒரு சத்தமும் இல்லாமல், சரிவில் ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே அபூர்வம். முழங்காலிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். எழுந்தபோது நெஞ்சில் முள் தைத்திருந்தது. பெற்றவள் என்னால் முடியாததை ஒரு இயந்திரம் ஒரே ராத்திரியில் செய்துவிட்டது. அந்த இயந்திரம் அக்காவுடையது.

ஒரு வாரம் என்று அனுப்பினோம். அது அந்த மழைக்காலம் முழுக்க நீண்டது, பிறகு குளிர்காலம், பிறகு அடுத்த மழை. பள்ளிக்கூடம் விட்டால் என்னிடம் வந்து பாலும் பன்னும் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் புத்தகப்பையோடு மேலே ஏறிப் போய்விடுவாள். பெரியம்மா இரட்டைச் சடை பின்னி அனுப்புவாள். நான் பின்னினால் இறுக்கமாக இருக்கிறதாம். ஒருநாள் சாப்பிடும்போது, “நம்ம ஊட்டுல இன்னைக்கு இடியாப்பம்” என்றாள். நான் செய்திருந்தது தோசை. எந்த வீட்டைச் சொல்கிறாள் என்று புரிய எனக்கு ஒரு நொடிதான் ஆனது. அவள் வயதுக்கு வந்த சேதியையும் அக்காதான் என்னிடம் வந்து சொன்னாள். அதுவும் சந்தோஷமாக, என் கையைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கையை உதறாமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நானும் சும்மா இருக்கவில்லை. சுவரைச் சுரண்டிப் புதுப்பூச்சு பூசினோம். கரிச்சட்டியை ஒழித்தேன். எண்ணெய் ஹீட்டர் வாங்கினேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு, “இந்த வருஷம் என் பிள்ளை என் வீட்டில்தான் படுப்பாள்” என்று பிடிவாதமாக அழைத்து வந்தேன். ஹீட்டர் பக்கத்தில் கட்டிலைப் போட்டு, மேலே காகித நட்சத்திரம்கூடக் கட்டினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் இழுப்பு வந்துவிட்டது. கம்பளியில் சுற்றி மகளை நானே மேட்டு வீட்டுக்குத் தூக்கிப் போனேன். அக்கா கதவைத் திறந்தாள். ஏன் என்று கேட்கவில்லை, நான் சொன்னேனே என்று காட்டவுமில்லை. “படுக்கை விரிச்சபடியேதான் இருக்குது, அம்மிணி” என்று மட்டும் சொன்னாள். அவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

அந்த இயந்திரத்தைக் காப்பாற்றுவதும் எளிதாக இல்லை என்பதை என் சமையலறை ஜன்னலிலிருந்தே பார்த்தேன். வீட்டின் பின்புறம் இரும்புக் கூண்டுக்குள் அதன் வெளிப்பெட்டி இருந்தது. உறைபனி விழுந்த காலைகளில் அதன் மேல் பனிக்கட்டி பிடித்துக்கொள்ளும். பெரியவர் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு வெந்நீரை மெல்ல ஊற்றுவார். ஒரு வருஷம் குழாய்க்குள் எலி குட்டி போட்டுவிட்டது. வோல்டேஜ் குறைந்தால் நின்றுவிடும். கோயமுத்தூரிலிருந்து மெக்கானிக் வர வேண்டும். மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அவரும் வர மாட்டார். காலையில் எழுந்ததும் என் முதல் வேலை, அந்தப் பெட்டியின் விசிறி சுற்றுகிறதா என்று பார்ப்பது. சுற்றாத நாளில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்க்கும்: இன்றைக்கு அவர்களும் நம்மைப் போலத்தான். அடுத்த நொடியே பயம் வரும்: ஐயோ, பிள்ளை என்ன ஆவாள்? இரண்டும் ஒரே மனசில்தான் இருந்தன. விசிறி மறுபடி சுற்றும்போது இரண்டும் ஒன்றாகப் போகும்.

மகள் வளர்ந்தாள். காலேஜுக்குச் சென்னை போனாள், அந்த வெக்கையில் இழுப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. வேலை, கல்யாணம் எல்லாம் அங்கேயே. இதற்கிடையில் பெரியவர் காலமானார். அவர் போன மறு வருஷமே ஏசியும் நின்றுவிட்டது. இதற்கெல்லாம் இனி பாகம் கிடைக்காது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். மேட்டு வீட்டின் சுவர்களிலும் பூசணம் ஏறியிருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. அக்கா தெருவில் நடக்கும்போது அவள் புடவையில் ஈர வாசம் வருவதைக் கவனித்தேன். எனக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கும்.

போன வருஷக் கடைசியில் மகள் போனில் அழைத்தாள். “அம்மா, கிறிஸ்துமஸுக்குக் குழந்தையோட வர்றேன். ரெண்டு மாசம் இருப்பேன்” என்றாள். ஆறு மாதக் குழந்தை. நான் உடனே ஆளைக் கூப்பிட்டு என் முன்னறைச் சுவர்களுக்கு உள்பக்கம் பலகை அடித்தேன். சூடும் தருகிற மாதிரி ஒரு ஏசியைச் சுவரில் மாட்டினேன். இப்போதெல்லாம் ஒரே அறைக்கு ஒரே பெட்டி போதும். தகரக் குழாயும் லாரியும் வேண்டாம். உப்பு கொட்டுகிறதா என்று அந்த அறைக்குள் உப்புக் குப்பியை வைத்துச் சோதித்தேன். கொட்டியது. இத்தனை வருஷம் கழித்து ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது.

அதே வாரத்தில் மேட்டு வீட்டில் பழைய குழாய்களைக் கழற்றினார்கள். அவை கூரையைத் துளைத்துப் போன இடங்களில் எல்லாம் ஒழுகல். நான் பார்க்கப் போனேன். உதவி செய்ய என்று சொல்லிக்கொண்டுதான் போனேன்.

ஆட்கள் ஹாலில் ஏணி போட்டு முதல் தட்டியைக் கழற்றினார்கள். திறப்புக்குள்ளிருந்து ஒரு பொதி துணி தொப்பென்று விழுந்தது. பழைய புடவைகள், பெரியவரின் கிழிந்த கம்பளிக்கோட்டு, மேலே கட்டியாகத் தூசி. அக்காவின் படுக்கையறையிலும் அப்படியே. சாப்பாட்டு அறையிலும், பெரியவர் படிக்கும் அறையிலும் அப்படியே. ஒவ்வொரு திறப்பையும் யாரோ துணியால் இறுக்கி அடைத்திருந்தார்கள். கிழக்கு அறையின் திறப்பு மட்டும் சுத்தமாக இருந்தது.

“என்னங்க்கா இது?”

அக்கா கட்டிலோரத்தில் உட்கார்ந்து துணிகளை மடிக்க ஆரம்பித்தாள், மடிக்க அவற்றில் ஒன்றும் இல்லை என்றாலும். “அதுல ரெண்டு கம்ப்ரஸர் இருந்துதல்லோ. நாலாவது வருசமோ என்னவோ, ஒண்ணு போயிருச்சு. மிச்சம் இருக்கறது ஊடு பூராத்துக்கும் தாங்காதுன்னுட்டாங்க. அப்புறம் அவருதான் எல்லாத்தையும் அடச்சாரு. அந்த ரூமுக்கு மட்டும் போகட்டும்னு. புள்ளைகிட்டயும் கீழ சொல்லாதேன்னு சொல்லி வெச்சோம்.”

நாலாவது வருஷம். மகளுக்கு அப்போது பத்து வயதுகூட ஆகியிருக்காது. அதற்குப் பிறகு எத்தனை குளிர்காலம்! பெரியவர் குரங்குக் குல்லாவோடு வெந்நீர் ஊற்றிவிட்டு உள்ளே போவார். உள்ளே போயும் அவர் குல்லாவைக் கழற்றியிருக்க மாட்டார். அந்த வாசலோடு திரும்பிவிடும் நானோ இந்தப் பக்கம் ஜன்னலருகில் நின்று, வீடு முழுக்கக் கதகதவென்று இருக்கிறார்கள் என்று வெந்துகொண்டிருந்தேன்.

“ஏனுங்க்கா, ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

அவள் தூசி பட்டு இருமினாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

“சொன்னா நீ புள்ளையக் கூட்டிட்டுப் போயிருப்பே, அம்மிணி.”

உண்மை. நான் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். உங்களுக்கு எதற்குங்க சிரமம் என்று மரியாதையாகச் சொல்லி, அடுத்த நாளே. அப்படி ஒரு சாக்குக்காகத்தான் நான் வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். அக்காவுக்கு அது தெரிந்திருக்கிறது. மாலையானால் புத்தகப்பையோடு சரிவேறி வரும் ஒரு பிள்ளைக்காக அவளும் ஜன்னலில்தான் நின்றிருக்கிறாள். நான் எப்போது பறித்துக்கொள்வேனோ என்று பயந்தபடி. வேலியின் அந்தப் பக்கமும் பொறாமை இருந்திருக்கிறது. எனக்கு அது தோன்றியதே இல்லை, ஏனென்றால் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்றே நான் நினைத்திருந்தேன்.

இதைக் கேட்டதும் மனசு நிறைந்து கட்டிக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. எனக்கு முன்பைவிட அதிகமாகப் பொறாமை வந்தது. கதகதப்பு மிஞ்சிக் கிடந்ததால் என் மகளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள் என்று இத்தனை நாள் நினைத்து என்னைச் சமாதானப்படுத்தியிருந்தேன். இப்போது அதுவும் போயிற்று. தாயாக நான் செய்திருக்க வேண்டிய ஒன்றை அவர்கள் செய்திருக்கிறார்கள். அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது போல இருந்தது. தூசித் துணிகளை மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன்.

மகள் வந்தாள். பலகையடித்த அறைக்குள் நுழைந்து ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டு, “அம்மா, நம்ம ஊடா இது!” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் அத்தனையும் செய்தேன். அவள் குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பற்றிக் கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. என்னை அவளுக்கும் தெரியும்.

நானே செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறிப் போனேன். அக்கா இரண்டு ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்திருந்தாள்.

“கெளம்புங்க்கா. இந்தக் குளிர்ல இங்க எதுக்கு ஒத்தையில? பேரன் வந்திருக்கான். ரெண்டு மாசத்துக்குத் துணி எடுத்துக்குங்க.”

“நானா? உங்க ஊட்டுக்கா?” என்றாள். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு இத்தனை வருஷத்தில் அவள் ஒருநாள்கூட என் வீட்டில் தங்கியதில்லை. நான் கூப்பிட்டதுமில்லை.

இப்போது மதியம். வெளியே பனிமூட்டம் கண்ணாடியில் வந்து ஒட்டுகிறது. சுவரிலிருந்து சூடான காற்று மெதுவாக வருகிறது. நான் தாலாட்டினால் குழந்தை விழித்து விழித்துப் பார்க்கிறான், காலை உதைத்து அழுகிறான், தூங்குவதாகத் தெரியவில்லை. பால் காய்ச்சச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் அழுகை ஓய்ந்துவிட்டது. என் பேரன் என் வீட்டில், என் ஏசியின் கதகதப்பில், நிம்மதியாகத் தூங்குகிறான்.

அக்காவின் மடியில்.