தேதியிட்ட ஒரே கையெழுத்து

நல்லசிவத்தின் மகள் கவிப்ரியா முதுகலை வகுப்பில் சேர்ந்தது 2022 நவம்பர் 7, திங்கட்கிழமை. தெற்கு தில்லியில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை, அவள் கேட்டுக்கொண்டபடி, நான் எழுதவில்லை. தேதிகள் எல்லாம் அவளுடைய நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவை. பேச்சுகளை அவளிடமும் அவள் பெற்றோரிடமும் நரேனிடமும் தனித்தனியே கேட்டு எழுதினேன். சொன்னவை வேறுபட்ட இடத்தில் அதையும் குறித்திருக்கிறேன்.

நல்லசிவம் அம்பாசமுத்திரத்துக்காரர். மத்திய அமைச்சகம் ஒன்றில் ஆவணப் பிரிவு எழுத்தர். நான் ஓய்வு பெறும்வரை இருவரும் ஒரே அறையில் வேலை பார்த்தோம். கிழக்குக் கிட்வாய் நகரில் பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டிய அடுக்குமாடி ஒன்றில், ஒன்பதாம் தளத்தில் அவருக்குக் குவார்ட்டர்ஸ். மனைவி மஹாலட்சுமி. ஒரே பெண். அவளுக்கும் ஓர் அரசு வேலை கிடைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு திட்டம் எதுவும் இருந்ததில்லை.

கவிப்ரியா யாரிடமும் பேசாத பெண். முதல் ஐந்து வாரங்கள் பல்கலைக்கழகத்தில் அவள் வாய் திறந்தது வருகைப் பதிவின்போது மட்டும்தான். டிசம்பர் 14 அன்று வாசிப்புக் கூடத்தில் உட்கார இடமில்லாமல் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தவளிடம் ஒருவன் வந்து இந்தியில் பெயர் கேட்டான். பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினான்; நண்பா என்பதற்கு இந்திக்காரர்கள் சொல்லும் 'யார்' மட்டும் மாறவில்லை.

"டெய்லி நின்னுட்டே படிக்கிற. சண்ட போட்டு ஸீட் பிடிக்கத் தெரியாதா யார்?"

"தெரியாது."

"அச்சா. அப்ப சண்ட வராம ஒரு லிஸ்ட் போட்டுக் குடேன். இங்க யாருக்கும் உருப்படியா லிஸ்ட் போட வராது. எனக்கு சுத்தமா வராது."

அவன்தான் நரேன். மாணவர் சங்கத்தின் பொதுச்செயலாளர். மயூர் விஹாரில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது.

அந்தச் சங்கத்தில் புதிதாக வருபவர்களிடம் கொடியையோ ஒலிபெருக்கியையோ கொடுப்பதில்லை. ஆளுக்கு ஒரு சிறு வேலை கொடுப்பார்கள். ஒருத்தி விடுதிச் சாப்பாட்டைத் தினமும் ருசி பார்த்து எழுத வேண்டும். இன்னொருவன் பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசிக்க ஆள் சேர்க்க வேண்டும். கவிப்ரியாவிடம் வந்தது வாசிப்புக் கூடத்தின் தொண்ணூற்றாறு இருக்கைகள். அவள் போட்ட சுழற்சிப் பட்டியலை நான் பார்த்திருக்கிறேன். அடித்தல் திருத்தல் கிடையாது. பட்டியலுக்காகப் பெயர் கேட்கத் தொடங்கியவள், மார்ச் மாதத்துக்குள் முந்நூறு பேரைப் பெயர் சொல்லி அழைக்கும் நிலைக்கு வந்திருந்தாள். அவர்களில் பலர் ஒருவரையொருவர் அறிந்துகொண்டதும் அவள் மேசை அருகில் நின்றபோதுதான். ஜூலையில் அவளை வாசிப்புக் கூடப் பொறுப்பாளராகச் சங்கம் தேர்ந்தெடுத்தது. இதை அவள் வீட்டில் சொல்லவில்லை.

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை, பகல் 12.40. மழைத் தண்ணீர் வழிந்து கூடத்தின் தாழ்வாரம் ஈரமாக இருந்தது. அங்கிருந்த குடிநீர்க் குளிர்விப்பானின் குழாயைத் தொட்ட முதலாண்டு மாணவி ஒருத்தி தூக்கி எறியப்பட்டாள். இரண்டு நிமிடம் நினைவில்லை, பிழைத்துக்கொண்டாள். குழாயில் மின்சாரம் பாய்வதாக ஏப்ரலிலிருந்தே சங்கத்தினர் நிர்வாகத்திடம் நான்கு முறை எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான்கின் நகல்களும் கவிப்ரியாவிடம் இருந்தன.

ஐந்தாவது முறை கூட்டு மனு கொடுப்பதென்று வெள்ளிக்கிழமை, பதினொன்றாம் தேதி முடிவாயிற்று. அன்று நரேன் தில்லியில் இல்லை. சித்தப்பாவின் அறுவை சிகிச்சைக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தான். ஆகவே தாள் தயாரிக்கும் பொறுப்பு கவிப்ரியாவிடம் வந்தது.

அந்தச் சங்கத்தின் மனுக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோரிக்கையை நடுவில் எழுதி, அதைச் சுற்றி வட்டமாகக் கையெழுத்திடுவார்கள். வட்டத்தில் முதல் ஆள் என்று ஒருவர் இல்லை. அதனால் தலைமை தாங்கியவர் என்று யாரையும் தனியே பிரித்துத் தண்டிக்க முடியாது. தாள்களுக்கு எண் போடுவதில்லை. கேன்டீனிலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டை வாங்கி வந்து ஏழு தாள்களில் பென்சிலால் வட்டம் போட்டவள் கவிப்ரியாதான். அதன்பின் தானும் ஒரு தாளில் கையெழுத்திட்டாள்.

கையெழுத்திட்டு, அதன் கீழ் சிறியதாக 11/8 என்று தேதியும் போட்டாள்.

அவள் யோசித்துச் செய்ததல்ல. ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டையிலிருந்தே அந்த வீட்டில் தேதி இல்லாத கையெழுத்து கையெழுத்தாகாது. எங்கள் பிரிவில் அப்படித்தான். நல்லசிவம் அதை வீட்டுக்கும் கொண்டுபோயிருந்தார். திங்கட்கிழமை மாலை தாள்களை ஒப்படைத்தபோது மொத்தம் இருநூற்றுப் பதினெட்டுக் கையெழுத்துகள். தேதியுடன் இருந்தது ஒன்று.

ஆகஸ்ட் 17 அன்று குளிர்விப்பானின் இணைப்பைத் துண்டித்தார்கள். 21ஆம் தேதி, மாணவர் ஒழுங்கைக் கவனிக்கும் அதிகாரியான ப்ராக்டரின் அலுவலகத்திலிருந்து கவிப்ரியாவுக்கு நோட்டீஸ் வந்தது. அவளுக்கு மட்டும். மனு இயக்கத்தைத் தொடங்கியவர், அனுமதியின்றி ஆள் கூட்டியவர், நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம் விளைவித்தவர் என்று மூன்று குற்றச்சாட்டுகள். ஏன் வெளியேற்றக் கூடாது என்பதற்கு 29ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு நேரில் விளக்கம் தர வேண்டும்.

நோட்டீஸை அவளிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்ட உதவியாளர் பாலசுப்ரமணியம் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஏம்மா, தேதி போட்டு மாட்டிக்கிட்டியேம்மா. அங்க உக்காந்து பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாங்க தெரியுமா? பதினொண்ணாந்தேதியே போட்டது இந்தப் பொண்ணு, இதுதான் ஆரம்பம்னு முடிவு பண்ணிட்டாங்க."

"இப்ப என்ன சார் ஆகும்?"

"ரெண்டு வரி எழுதிக் குடுத்துடு. சங்கத்துச் செகரட்டரி சொல்லித்தான் போட்டேன், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. அவங்களுக்கு வேண்டியது அந்தப் பையன்தான். இல்லேன்னா டிஸ்மிஸ்தான். வெளிய போயிட்டா நன்னடத்தைச் சான்றிதழ் எங்கேருந்தும்மா வரும்?"

நன்னடத்தைச் சான்றிதழ் இல்லாவிட்டால் அரசு வேலைக்கான போலீஸ் விசாரணையைத் தாண்ட முடியாது. அன்று கவிப்ரியா தன் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தங்கள் போய் இறங்கினாள். நோட்டீஸை மதிய உணவுப் பைக்குள் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். வாயிற்காவலர் யாரைப் பார்த்தாலும் தன்னைத்தான் பார்க்கிறார் என்று தோன்றியதாகச் சொன்னாள். இரண்டு நாள் அந்தப் பை அப்படியே இருந்தது. புதன்கிழமை டப்பாவைக் கழுவ எடுத்த மஹாலட்சுமி காகிதத்தைக் கண்டார்.

"ஏ பிள்ள, என்னட்டி இது? அப்பா பேரும் போட்டிருக்கு?"

நல்லசிவம் அதை நின்றுகொண்டே இரண்டு முறை வாசித்தார். பின் உட்கார்ந்து மூன்றாம் முறை வாசித்தார். எழுந்துபோய் இரும்பு பீரோவைத் திறந்து, மகளின் சான்றிதழ்களை எல்லாம் எடுத்துக் கட்டிலில் பரப்பினார். குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டு ஆணையையும் எடுத்தார். அதை எதற்கு எடுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"சங்கத்துல நீ என்னவா இருக்க?"

"வாசிப்புக் கூடப் பொறுப்பாளர்."

"எத்தன நாளா?"

"ஜூலைலருந்து. லிஸ்ட் போடுதது போன டிசம்பர்லருந்து."

"எட்டு மாசம்! எட்டு மாசமா இந்த வீட்டுல சோறு தின்னுட்டு ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன். அதுனாலதான கேக்கேன்!"

உதவியாளர் சொன்ன யோசனையை மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட நல்லசிவம், வெள்ளிக்கிழமை மாலை ஒரு கடித வரைவோடு வந்தார். அலுவலகத்தில் மதிய இடைவேளையில் எழுதியது. பிழை சொல்ல முடியாத ஆங்கிலம். பொதுச்செயலாளர் நரேன் ஆகஸ்ட் 11 அன்று வற்புறுத்தியதால், உள்ளடக்கம் அறியாமல் கையெழுத்திட்டேன் என்று அதில் இருந்தது.

கவிப்ரியா வாசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, பதினொண்ணாந்தேதி அவன் டெல்லியிலயே இல்ல."

"அது யாருக்குத் தெரியும்?"

முப்பத்தொரு ஆண்டு ஆவணப் பிரிவில் இருந்த மனிதர் இதைச் சொன்னார். ஒருமுறை ஒரு கோப்பில் தேதி மாறிவிட்டதென்று மூன்று பேரின் பதவி உயர்வை நிறுத்திவைத்த மனிதர். சொன்னதை அவரே என்னிடம் மறைக்கவில்லை.

"யாருக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்னளா?" என்றார் நல்லசிவம். "அவன் பணக்கார வீட்டுப் பிள்ள, எங்கயும் பொழச்சுக்குவான். நீ போயி நின்னு, வெளிய போன்னு சொல்லிட்டாம்னா, அப்புறம் உனக்கு என்ன இருக்கு? எனக்குத்தான் என்ன இருக்கு? இந்த ஒம்பதாம் மாடியில இருக்கிறது நம்ம வீடா?"

அவள் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள், ஊரிலிருந்து திரும்பியிருந்த நரேனிடம் அதைக் காட்டினாள். அவன் சிரித்தான் என்கிறாள் அவள். சிரிக்கவில்லை என்கிறான் அவன்.

"குடுத்துடு யார். எனக்கு ஏற்கெனவே மூணு நோட்டீஸ். நாலாவது வந்தா ஃப்ரேம் போட்டு மாட்டிக்கறேன்."

"பொய்யில்ல இது?"

"பொய்தான். கோயம்புத்தூர் போன டிக்கெட் என்கிட்ட இருக்கு. ஆனா நான் காட்ட மாட்டேன். அவ்ளோதான், முடிஞ்சுது."

"உனக்கு பயமே கிடையாதா?"

"பயமா? நோட்டீஸ் வந்த அன்னிக்கெல்லாம் எங்கம்மா போன எடுக்க மாட்டேன். குரலக் கேட்டா அழுதுடுவேன்." பிறகு அவன் சொன்னான்: "நீ என்ன பண்ணாலும் லிஸ்ட்டுல உன் பேரு இருக்கும் கவி. யாரும் உன்னத் தப்பாப் பேச மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. எழுதிக் கொடுப்பதற்கு எல்லாரும் அனுமதி தந்துவிட்டார்கள். இனி முடிவு தன்னுடையது மட்டும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

29ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. ப்ராக்டர் அலுவலகப் படிகளில் மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அறுபது பேர் என்கிறான் நரேன். சங்கத்தின் வருகைத் தாளில் நாற்பத்தொரு பெயர்தான் இருக்கிறது. கையெழுத்திட்ட இருநூற்றுப் பதினெட்டில் நாற்பத்தொன்று. மற்றவர்களுக்கும் வீட்டில் அப்பா இருந்திருப்பார். யாரும் கோஷம் போடவில்லை. கோஷம் போட்டால் அவள் இன்னும் பயப்படுவாள் என்று அப்படி முடிவு செய்திருந்தார்கள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர். பேச்சு இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. அவளை உட்காரச் சொல்லவில்லை.

"வட்டமாகக் கையெழுத்திடச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லவில்லை. சங்கத்தின் வழக்கம்."

"நரேன் சொன்னானா?"

பையின் முன் அறையில் அப்பாவின் கடிதம் இருந்தது. அவள் விரல் ஜிப்பின் மேல் இருந்தது. ஜிப்பை அவள் பாதி திறந்துவிட்டாள் என்பதை இங்கே எழுத வேண்டும். எழுதச் சொன்னவள் அவள்தான்.

"பதினொன்றாம் தேதி அவர் தில்லியில் இல்லை சார். தாளைத் தயார் செய்தது நான். கேன்டீன் தட்டை வைத்து வட்டம் போட்டதும் நான்."

"இதை ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரியுமா?"

"தெரியும் சார்."

அவள் முந்தைய நான்கு புகார்களின் நகல்களை எடுத்து மேசையில் வைத்தாள். நான்கிலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை இருந்தது. மூவரில் ஒருவர் அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தார். விசாரணை இருபத்திரண்டு நிமிடம்.

வெளியே வந்து மூன்றாம் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுற்றி உட்கார்ந்தவர்களுக்குப் பின்னால், அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த நல்லசிவம் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.

"லெட்டர் குடுத்தியா?"

"இல்லப்பா."

அவர் அவளிடமிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். அன்றிலிருந்து ஆணை வரும்வரை இருபது நாள் அந்த வீட்டில் தேவைக்கு மேல் யாரும் பேசவில்லை.

செப்டம்பர் 18 அன்று ஆணை வந்தது. வெளியேற்றம் இல்லை. எழுத்து மூலமான எச்சரிக்கை, தனிக்கோப்பில் சேர்க்கப்படும். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்கள் சங்கத் தேர்தலில் நிற்க முடியாது என்பது விதி. அந்த ஆண்டு அவளை இணைச்செயலாளராக நிறுத்த நினைத்திருந்தவர்கள் வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று. அவள் பதவியில்லாமலே இருக்கைப் பட்டியலைத் தொடர்ந்து போட்டாள். படிப்பு முடிவதற்குள் ஜூனியர்கள் மூன்று பேருக்கு அதைக் கற்றுக்கொடுத்தாள். அவர்களில் ஒருத்தி, குழாயைத் தொட்டு விழுந்த அதே பெண், இப்போது சங்கத்தின் துணைத்தலைவர்.

2024 ஜூலை 12 அன்று நன்னடத்தைச் சான்றிதழ் கைக்கு வந்தது. நடத்தை என்ற இடத்தில் மற்றவர்களுக்கு 'நன்று' என்று இருந்தது. இவளுக்குத் 'திருப்திகரம்'. வேறு யாரும் அந்த வித்தியாசத்தைக் கவனிக்க மாட்டார்கள் என்றார் மஹாலட்சுமி. கவனிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று நல்லசிவத்துக்குத் தெரியும்.

கவிப்ரியா அரசு வேலைக்கான தேர்வு எழுதித் தேறிவிட்டாள். போலீஸ் விசாரணைக்காகத் தாள்கள் போய் இன்றோடு அறுபத்து மூன்று நாள். பதில் இல்லை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் மூவரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறார்கள். எடுத்துப் பேசுவது எப்போதும் அவள்தான்.