பூவாயியின் மூன்று மிஸ்டு கால்

குவைத்தின் அப்பாசியாவில் அந்த அறையில் எட்டுப் பேர். வெள்ளிக்கிழமைச் சமையல் கார்மேகத்தின் முறை. அவன் கருவாட்டுக் குழம்பு வைத்தால் பக்கத்து அறைக்காரர்களும் தட்டோடு வந்துவிடுவார்கள். 2004இல் ஒன்றரை மாதம் அவனை அடுப்புப் பக்கமே விடவில்லை. "கொலகாரன் கைச்சோறு வேணாம்ப்பா" என்று சொன்னவன் அவனுடைய ஊர்க்காரன் அழகுமலை.

லீவு முடிந்து கார்மேகம் ஊரிலிருந்து கிளம்பிய அன்றே மனைவி பூவாயியைக் காணோம். முதல் நாள் இருவருக்கும் நடந்த சண்டையைத் தெருவே கேட்டிருந்தது. கிணற்றில் மிதந்தது அவன் வாங்கிப்போன குவைத் சேலை. ஊரில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. "கொன்னுட்டு பிளேன் ஏறிட்டான்" என்று அவள் அண்ணன் பாண்டித்துரை போலீசில் எழுதிக் கொடுத்தார். போலீஸ் கேட்டதும் கம்பெனி அவனை ஊருக்கு அனுப்பச் சனிக்கிழமை டிக்கெட் போட்டது. இறங்கியதும் விலங்குதான்.

வெள்ளி மதியம் போன் ஒருமுறை அடித்து நின்றது. மறுபடி. மறுபடியும். மூன்று மிஸ்டு கால் என்றால் 'உடனே கூப்பிடு'. புருஷன் பெண்டாட்டி இருவருக்கு மட்டும் தெரிந்த கணக்கு. ஆனால் நம்பரோ குவைத் நம்பர். உடனே கூப்பிட்டான்.

"மாமா, நான்தான்."

"அடிப்பாவி, எங்கடி இருக்க?"

"இங்கதான், சால்மியாவுல, வீட்டு வேலைக்கு. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னான் ஏஜென்ட்டு. இன்னைக்குத்தான் போனைப் பூட்டாமப் போயிருக்காங்க. நானும் வாரேன்னதுக்கு, முடிஞ்சா வந்து பாருன்னீங்கள்ல? வந்துட்டேன்."

"கெணத்துல சேலை?"

"சுடிதார் மாத்திக்கிட்டு சேலையக் கெணத்து மேட்டுல வச்சேன். காத்துல போயிருக்கும்."

"உன்னக் கொன்னுட்டேன்னு ஒங்கண்ணன் கேஸ் குடுத்திருக்காருடி!"

"அண்ணனா? லைனக் குடுங்க."

அழகுமலை தன் போனில் பாண்டித்துரையைப் பிடித்தான். இரண்டு போனையும் தலைமாற்றி ஒட்டிவைத்தான்.

"எவளையோ பேசவிட்டு ஏமாத்துறான்" என்றார் பாண்டித்துரை.

"அண்ணே, எட்டாப்புல நீ பெயிலானத அம்மாட்ட மறச்சது யாரு? இப்பச் சொல்லவா?"

அறையே சிரித்தது. அந்தப் பக்கம் ஒரு பெரிய அழுகை. "தாயி... இருக்கியா?"

"இருக்கேன். கேஸை வாபஸ் வாங்கு."

"இந்தா, டேசனுக்குக் கெளம்பச் சட்டையப் போட்டுட்டேன்."

அழகுமலையால் கார்மேகத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கருவாட்டுப் பொட்டலத்தை மட்டும் அவன் பக்கம் நகர்த்தினான்.

"மாப்ள, வெங்காயம் நான் உரிக்கிறேன். இன்னைக்கு ஒன் மொறதான?"