ஃபாதர் உட்கார்ந்த பெட்டி

தவக்காலத்தில் கோயிலுக்குள் மேளம் கூடாது என்பது எங்கள் லிங்கராஜபுரம் ஃபாதரின் கண்டிப்பு. பாடகர் குழுவில் தாளம் போடும் எனக்கோ கை பரபரத்தது. கஹோன் என்ற மரப்பெட்டியை வாங்கி வந்தேன். பெரு நாட்டில் அடிமைகளுக்கு மேளம் மறுக்கப்பட்டபோது, அவர்கள் சரக்குப் பெட்டிகளைத் தட்டி உண்டாக்கிய வாத்தியம் என்பார்கள். அதன்மேலேயே உட்கார்ந்து வாசிக்கலாம்.

ஒத்திகைக்கு ஃபாதர் திடீரென்று வந்துவிட்டார்.

"இன்னாப்பா அது?"

"ஸ்டூல், ஃபாதர்."

"நல்லதாப் போச்சு, முட்டி வலிக்குது" என்று அதில் உட்கார்ந்தார். நாங்கள் பயந்துகொண்டே பாடத் தொடங்கினோம். இரண்டாம் அடியிலேயே அவர் விரல்கள் பெட்டியைத் தட்டின. சட்டென்று நின்றன. மறுபடியும் தட்டின.

பாட்டு முடிந்து எழுந்தவர், "ஞாயித்துக்கெழம பூசைக்கும் இந்த ஸ்டூல்லயே உக்காரு" என்றார்.

பெருவில் மேளத்தைத் தடுத்தவர்களும் ஒருநாள் அலுத்துப்போய் ஏதோ ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார்கள் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.