வாளியைக் கழுவ ஆளில்லை

கேளம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் பின்புறம் உரத்தொட்டி கட்ட வரைபடம் போட்டுக் கொடுத்தவள் நான். சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவள் சொல்கிறாளே என்று குடியிருப்போர் சங்கம் சம்மதித்தது. நிபந்தனை ஒன்றுதான்: நாற்றம் வந்தால் தொட்டியை மூடிவிடுவார்கள். மூடினால் எல்லாக் குப்பையும் ஒரே லாரியில் ஏறி, மாமல்லபுரம் போகும் வழியில் உப்பங்கழி ஓரத்துக் குப்பைமேட்டில் போய் விழும். அங்கே மாடுகள் கேரிபேக் மெல்வதைப் பார்த்திருக்கிறேன். அதில் எங்கள் வீட்டுக் கவரும் சேரக் கூடாது என்பதுதான் என் கவலை.

முதலில் வகுப்பு எடுத்தேன். கடலாமை, மீன் வயிற்றில் பிளாஸ்டிக், நிலத்தடி நீர் என்று வரிசையாகப் படங்கள். முடிவில் கேள்வித்தாள். ‘ஈரக் குப்பையைப் பிரித்துக் கொடுப்பது என் கடமை’ என்ற வரிக்கு எல்லோரும் ‘முழுமையாக ஏற்கிறேன்’ என்று டிக் அடித்தார்கள். ஆமைப் படத்தைப் பார்த்து இரண்டாம் மாடிப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தரைத்தளத்து டாக்சிக்காரர் மட்டும் பாதியில் எழுந்துவிட்டார்.

“ஆமைக்கு அழுவறதுக்கு எனுக்கு டைம் இல்லம்மா, சவாரி கீது.”

மறுநாள் காலை, ஈரக் குப்பைக்கென்று வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்த பச்சை வாளிகள் வந்தன. வாளிக்குள் கவர். கவருக்குள் குப்பை. மேலே இரட்டை முடிச்சு. குப்பை எடுக்கும் அக்கா ஒன்றைத் தூக்கி ஆட்டினார்.

“இன்னாம்மா இது, பொட்லம் பொட்லமா கட்டி குட்த்துகிறாங்கோ? கொரியர்ல அனுப்பணுமா?”

கையுறை மாட்டிக்கொண்டு இருவரும் கிழித்தோம். உள்ளே சாம்பார் சாதம், இறால் தலை, வாடிய மல்லிகை, சீப்பிலிருந்து உருவிய முடி, அதன்மேல் ஒரு டயப்பர். புளித்த நீர் முழங்கைவரை வழிந்தது. புழுவைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த நேர்த்தியான முடிச்சுகளைத்தான் பொறுக்க முடியவில்லை.

இரண்டாம் மாடிப் பெண்மணியிடமே போய்க் கேட்டேன்.

“பச்சை வாளியிலதானே போட்டிருக்கேன்? கவர் இல்லன்னா வாளி நாறிடும்ப்பா. வாசல்ல கோலம் போட்டிருக்கோம்.”

“கழுவிடலாமே, ஆன்ட்டி.”

“குப்பை வாளியையா? வேலைக்கு வர்ற பொண்ணு தொடமாட்டேங்கறா. நான் குளிச்சிட்டு விளக்கேத்தறவ.”

எந்த மாடியில் கேட்டாலும் இதே பதில்தான். பூமியைக் காப்பாற்ற அத்தனை பேரும் தயார். வாளியைக் கழுவ ஒருவரும் இல்லை.

கவர் இல்லாமல் வந்தது டாக்சிக்காரரின் வாளி மட்டும். கார் கழுவும் குழாயில் தினமும் அதையும் அலசிவிடுகிறார். பாராட்டப் போனேன்.

“நீ வேறம்மா. நாறுற பக்கெட்ட வூட்டுக்குள்ள எட்த்துகினு போவ சொல்றியா?”

அவ்வளவுதான் காரணம். ஆமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குழாயும் பிரஷ்ஷும் வையுங்கள், அவரவர் வாளியை அவரவரே கொட்டி அலசட்டும் என்று சங்கக் கூட்டத்தில் கேட்டேன். கழிவறை கழுவச் சொன்னதுபோல் முகங்கள் சுளித்தன. தலைவர் சிரித்தார்.

“நம்ம ஆளுங்க குப்பை வாளியோட லிஃப்ட்ல வருவாங்களாம்மா? அவேர்னஸ் பத்தல. இன்னொரு புரோகிராம் வெச்சிடலாம்.”

மாமல்லபுரம் கடற்கரைக்குக் குழந்தைகளை அழைத்துப்போய் மணலில் ஆமை செய்ய வைப்பதென்று முடிவாயிற்று. கைதட்டினார்கள்.

நான் நாவலூர் அலுவலகத்துக்குக் கிளம்பியதும் அக்கா தனியாகத்தான் கிழிக்க வேண்டும். அவரால் முடியாதவை முடிச்சோடு தொட்டிக்குள் போயின. முதல் மழையிலேயே நாற்றம் மொட்டை மாடிவரை ஏறியது.

தொட்டியைக் காலி செய்த அன்று நானும் நின்று வாரினேன். உரம் ஒரு பிடிகூட இல்லை. கறுத்த நீர் தேங்கி உப்பிய கவர்கள், கட்டியது கட்டியபடி. லாரிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏற்றினார். இரண்டாம் மாடிப் பெண்மணி இறங்கி வந்தார்.

“உன் உழைப்பெல்லாம் வீணாப் போச்சேப்பா. நம்ம ஜனங்களுக்கு அக்கறையே இல்ல.”

அன்றைய கவரை லாரியில் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.